முதலில் பார், பிறகு பொருள் சொல்

கோயம்புத்தூர்

அன்புள்ள நிலாவுக்கு,

 

உங்கள் கல்லூரித் திரைப்படக் குழுவின் இதழுக்காக நீ எழுதிய ‘தி ஷேப் ஆஃப் வாட்டர்’ விமர்சனம் வந்து சேர்ந்தது. அச்சுக்குப் போகும் முன் அத்தை ஒரு தடவை பார்த்துச் சொல்லட்டும் என்று கேட்டிருந்தாய். நிதானமாகப் படித்தேன். படத்தையும் மறுபடி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். உன் தமிழ் தெளிவாக இருக்கிறது. வாக்கியங்கள் தடுமாறாமல் போகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் படம் உன்னை உலுக்கியிருக்கிறது என்பது தெரிகிறது. விமர்சனம் எழுத அதுதான் முதல் தகுதி. மற்றவை பழகப் பழக வந்துவிடும்.

ஆனால் கண்ணு, ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். உன் கட்டுரையில் அந்த நீர்வாழ் மனிதன் ‘ஒடுக்கப்பட்டோரின் குறியீடு’ என்று வருகிறான். எலைசா ‘குரலற்றவர்களின் பிரதிநிதி’ ஆகிறாள். ஸெல்டா கறுப்பினப் பெண்களுக்காகவும், ஜைல்ஸ் தன்பாலின ஈர்ப்பாளர்களுக்காகவும், கர்னல் ஸ்ட்ரிக்லண்ட் அதிகாரத்துக்காகவும் வந்து நிற்கிறார்கள். யார் யாருக்காக நிற்கிறார்கள் என்பது படித்து முடித்தபோது எனக்கு நன்றாகப் புரிந்தது. அவர்கள் யார் என்பதுதான் தெரியவில்லை. எலைசா காலையில் என்ன சாப்பிடுகிறாள்? வேலைக்கு எதில் போகிறாள்? சாயங்காலம் யாரோடு உட்கார்ந்து டிவி பார்க்கிறாள்? படம் இதையெல்லாம் எவ்வளவு பொறுமையாகக் காட்டுகிறது! உன் கட்டுரையில் அதில் ஒன்றுகூட இல்லை.

இந்தக் கடிதத்தில் உனக்கு நான் சொல்ல நினைப்பது இது ஒன்றுதான்: முதலில் பார், அப்புறம் பொருள் சொல். எந்தப் படத்துக்கும் இது நல்ல பழக்கம். இந்தப் படத்துக்கோ இதை விட்டால் வேறு வழியே இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கதை நடப்பது 1962-இல், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். அரசாங்கத்தின் ரகசிய ஆராய்ச்சிக்கூடம் ஒன்றுக்கு, தென் அமெரிக்க ஆற்றிலிருந்து பிடித்த ஓர் உயிரைத் தொட்டியில் அடைத்துக் கொண்டுவருகிறார்கள். அங்கே அவனை யார் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனி. ஸ்ட்ரிக்லண்டுக்கு அவன் சேற்றிலிருந்து தான் இழுத்துவந்த ஒரு பண்டம். ஆராய்ச்சிக்கூடத்தின் பேச்சு வழக்கில் அவனுக்குப் பெயரே ‘சொத்து’தான். ராணுவ ஜெனரலுக்கு அவன் விண்வெளிப் போட்டியில் ரஷ்யர்களை முந்த உதவக்கூடிய ஒரு நுரையீரல். அறுத்துப் பார்த்தால் போதும். சோவியத் உளவாளிகளின் மேலிடத்துக்கோ அவன் அமெரிக்கர்களுக்குக் கிடைக்கக் கூடாத ஒன்று, கொன்றுவிட்டால் போதும். அவனை அவனாகப் பார்க்க எவருக்கும் நேரமில்லை. ஒவ்வொருவருக்கும் அவன் வேறு ஏதோ ஒன்றின் அடையாளம். இத்தனை பேருக்கு நடுவில், இரவுப் பணியில் தரை துடைக்க வந்த ஒருத்தி தொட்டிக் கண்ணாடியில் கை வைத்து அவனைப் பார்க்கிறாள். படம் தொடங்குவதே அந்தப் பார்வையில்தான்.

இப்படிப்பட்ட படத்தைப் பற்றி எழுதும்போது விமர்சகரும் அவனை இன்னொன்றின் குறியீடாக மட்டும் பார்த்தால், அவர் ஆராய்ச்சிக்கூடத்தின் பக்கம் போய் நின்றுவிடுகிறார். உன் நோக்கம் அதுவல்ல என்று எனக்குத் தெரியும். நீ அவனைப் போன்ற வெளியாட்களின் பக்கம் நிற்கத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் வெளியாட்கள் காலங்காலமாகப் படும் துன்பத்தில் பெரும்பங்கு, யாரும் அவர்களைத் தனி ஆளாகப் பார்க்காமல் ஏதோ ஒரு வகையில் சேர்த்துவிடுவதால் வருவதுதான். அனுதாபத்தோடு சேர்த்தாலும் அது சேர்ப்பதுதான்.

எலைசாவே இதைச் சொல்லும் காட்சி நினைவிருக்கிறதா? அவனை உயிரோடு அறுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், பக்கத்து வீட்டு ஜைல்ஸிடம் உதவி கேட்டு ஓடுகிறாள். அவளால் பேச முடியாது, சைகை மொழிதான். ஜைல்ஸ் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்க்கிறார். அவள் விடுவதில்லை. தான் கையால் சொல்வதை அவர் வாயால் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்துகிறாள். அவர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிக்கொண்டே வருகிறார். அவன் என்னைப் பார்க்கும்போது என்னிடம் எது இல்லை என்பது அவனுக்குத் தெரியாது, நான் எப்படியோ அப்படியே பார்க்கிறான் என்பதுதான் அவள் சொல்வதன் சாரம். ஆரம்பத்தில் ஜைல்ஸின் குரலில் எரிச்சல் இருக்கிறது. போகப்போக அந்தக் குரல் தளர்கிறது. அவளுடைய வேதனையை அவர் தன் வாயாலேயே சொல்லியாக வேண்டிய கட்டாயம் அவரை உள்ளே அசைக்கிறது. சாலி ஹாக்கின்ஸின் கைகளையும் ரிச்சர்ட் ஜென்கின்ஸின் குரலையும் சேர்த்து ஒரே வசனமாக ஆக்கியிருக்கிறார் இயக்குநர் கியெர்மோ டெல் டோரோ. உன் கட்டுரையில் இந்தக் காட்சி ‘உணர்ச்சிகரமான காட்சி’ என்ற இரண்டு சொல்லில் முடிந்துவிட்டது. அதற்குப் பதில், நான் இங்கே செய்ததுபோல, என்ன நடக்கிறது என்று எழுதிப் பார். உணர்ச்சிகரமானது என்று நீ சொல்லாமலே வாசகருக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து முட்டை. எலைசா தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் முட்டை வேகவைக்கிறாள். அடுப்பில் முட்டை, கையில் நேரம் குறிக்கும் சின்னக் கருவி, குளியல், காலணிக்குப் பாலிஷ், ஓட்டமாக ஓடிப் பேருந்து. படம் இந்த வரிசையைத் தொடக்கத்திலேயே நம் மனதில் பதித்துவிடுகிறது. பிறகு ஒருநாள் ஆராய்ச்சிக்கூடத்தில், சங்கிலியில் கட்டப்பட்ட அவனுக்கு எதிரே தொட்டியின் ஓரத்தில் அந்த முட்டைகளில் ஒன்றை வைக்கிறாள். அவன் சீறுகிறான், எடுத்துக்கொண்டு உள்ளே போகிறான். மறுபடி வரும்போது அவள் முட்டைக்கான சைகையைக் காட்டிக் கொடுக்கிறாள். அவன் கற்றுக்கொள்கிறான். அடுத்து இசைத்தட்டுகள் வருகின்றன. அவர்களுக்குள் மலரும் காதலுக்கு மொழி கிடைப்பது இப்படித்தான். உலகத்தை மாற்றும் பெரிய செய்கை எதுவும் அதில் இல்லை. தன் சாப்பாட்டிலிருந்து அவள் ஒரு பங்கு கொடுத்தாள். இந்தக் காதலை ஏன் நம்புகிறோம் என்று யாராவது கேட்டால், இந்த முட்டையைத்தான் நான் சொல்வேன்.

மாயக்கதைப் படத்தைப் பற்றி எழுதும்போது ‘லாஜிக் பார்க்கக் கூடாது’ என்று சொல்லிவிட்டு நகர்வது பலருக்கும் பழக்கம். நீயும் அப்படி ஒரு வரி எழுதியிருக்கிறாய். அதை எடுத்துவிடு. நல்ல மாயக்கதை நம்மிடம் சலுகை கேட்பதில்லை. நடக்க முடியாத ஒன்றை மட்டும் அது நடுவில் வைக்கும். சுற்றியுள்ள எல்லாவற்றையும் கறாராக வைக்கும். இந்தப் படத்தில் நடக்க முடியாதது அந்த நீர்வாழ் மனிதன். அவனைச் சுற்றி இருப்பதைப் பார்: வருகை அட்டை குத்த நிற்கும் வரிசை, தாமதமாக வரும் தோழிக்காக அந்த வரிசையில் இடம் பிடித்துவைக்கும் ஸெல்டா, கழிப்பறையைச் சுத்தம் செய்து முடித்த உடனே உள்ளே வந்து அசிங்கப்படுத்தும் அதிகாரிகள், ஈரச் சுவர்கள், ஓய்வில்லாத குழாய்கள். துப்புரவுப் பணியாளர்களின் ஓர் இரவு எப்படி நகரும் என்று படத்துக்குத் தெரியும். அதனால்தான் அவர்கள் துடைக்கும் அறைக்குள் அவன் இருப்பதை நம்புகிறோம். இந்தப் பெரிய ரகசியத்துக்குள் துப்புரவுப் பெண்ணால் எப்படி நுழைய முடிந்தது என்ற கேள்விக்கும் விடை இதில்தான் இருக்கிறது. துடைப்பம் பிடித்தவளை அங்கே யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

அந்த நீர்வாழ் மனிதனை உருவாக்கிய கைகளைப் பற்றியும் நீ எழுத வேண்டும். அந்த உடைக்குள் இருந்தவர் டக் ஜோன்ஸ். டெல் டோரோவின் ‘பேன்ஸ் லேபிரிந்த்’ (2006) படத்தில் வனதேவனாக வந்தவரும், ‘ஹெல்பாய்’ படங்களில் ஏப் ஸேப்பியனாக வந்தவரும் இவர்தான். மனித உடம்பின் மேல் உடையும் ஒப்பனையும், அதன் மேல் கண் அசைவுக்கும் நுண்ணிய முகக் குறிப்புகளுக்கும் கணினி வரைகலை. ஆகவே ஹாக்கின்ஸுக்கு எதிரே நிஜமாகவே ஒருவர் நின்றார், மூச்சு விட்டார். அவள் தொடும்போது அந்தத் தொடுகை திரையில் எடையோடு விழுவதற்கு அதுவே காரணம். தொடக்கக் காட்சியில் அறை முழுவதும் நீரில் மிதக்கிறதே, அதை நீருக்குள் எடுக்கவில்லை. புகை நிரப்பிய அரங்கில் நாற்காலியையும் மேசையையும் நடிகையையும் கம்பியில் தொங்கவிட்டு, நீரின் ஒளியலைகளை மேலே பாய்ச்சி, வேகம் குறைத்து எடுத்தார்கள். ஒளிப்பதிவாளர் டான் லாஸ்ட்சன். இவ்வளவையும் சுமார் 2 கோடி டாலர் செலவில் முடித்தார்கள். ஹாலிவுட் கணக்கில் அது சிறிய தொகை. இந்தத் தகவல்களை ஒரே பத்தியில் கொட்டிவிடாதே. எந்தக் காட்சியைப் பேசுகிறாயோ, அங்கே அதற்கு உரியதை மட்டும் சொல்.

ஹாக்கின்ஸைப் பற்றி உன் கட்டுரையில் ‘அபாரமான நடிப்பு’ என்று இருக்கிறது. எது அபாரம்? டெல் டோரோ இந்தப் பாத்திரத்தை அவரை நினைத்தே எழுதினார். சாப்ளின், பஸ்டர் கீட்டன், ஸ்டான் லாரல் ஆகியோரின் படங்களைப் பார்க்கச் சொன்னார். அந்தப் பழைய மௌனப்பட நளினம் எலைசாவின் நடையில் இருக்கிறது. ஆராய்ச்சிக்கூடத்தில் துடைப்பத்தோடு அவள் ஆடும்போது பார். அதே கைகள் ஸ்ட்ரிக்லண்டின் எதிரே நின்று, அவனுக்குப் புரியாத சைகையில் வசவு சொல்லும்போதும் பார். நளினமும் முரட்டுத்தனமும் ஒரே ஆளிடம் இருப்பதால்தான் அவள் பொம்மையாகிவிடவில்லை. இதைச் சொன்னால் ‘அபாரம்’ தேவைப்படாது.

இனி, இந்தப் படம் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி நீ ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும். 1954-இல் ஜாக் ஆர்னால்டு இயக்கிய ‘கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்’ என்ற படம் அமேசான் நீர்நிலையில் நடக்கிறது. வெள்ளை நீச்சலுடையில் ஜூலி ஆடம்ஸ் மேலே நீந்த, அவளுக்குத் தெரியாமல் அந்த உயிர் அடியிலேயே கூட நீந்திவரும் காட்சி புகழ்பெற்றது. கடைசியில் அதைச் சுட்டுவிடுகிறார்கள், நீருக்குள் அமிழ்ந்துபோகிறது. மெக்சிகோவில் வளர்ந்த சிறுவன் டெல் டோரோ அதைப் பார்த்துவிட்டு, அவர்கள் இருவரும் ஒன்றுசேர வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்த ஆசையை மறக்காமல் வைத்திருந்து 2017-இல் படமாக எடுத்தார். எழுத்தில் வனெஸ்ஸா டெய்லர் கூட நின்றார்.

அதற்கும் பின்னால் போனால் ‘அழகியும் விலங்கும்’ கதை வரும். பிரான்சில் 1740-இல் வில்நவ் அம்மையார் எழுதியது. 1756-இல் போமோன் அம்மையார் சுருக்கி எழுத, உலகம் முழுவதும் பரவியது. அதில் பெண் விலங்கை நேசித்ததும் விலங்கு இளவரசனாகிவிடுகிறது. கவனித்தாயா, நேசத்துக்குப் பரிசு, நேசிக்கப்பட்டவன் மாறிவிடுவது. வெளியாள் நம்மைப் போல் ஆனால்தான் கல்யாணம் நிறைவுறும். டெல் டோரோ இந்த இடத்தில்தான் பிடிவாதமாக நின்றார். அவருடைய நாயகன் கடைசிவரை செதிலோடும் செவுளோடும் இருக்கிறான். ஜைல்ஸின் பூனையைக்கூடத் தின்றுவிடுகிறான். ஜைல்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை, அவன் இயல்பு அது என்று ஏற்றுக்கொள்கிறார். எலைசாவும் கடைசிவரை பேசுவதில்லை. இருவரில் யாரையும் படம் ‘சரிசெய்ய’வில்லை. வெளியாட்களின் காதலைச் சொல்லும் எத்தனையோ படங்களிலிருந்து இதைத் தனியே நிறுத்துவது இதுதான். உன் கட்டுரையின் முதுகெலும்பாக இதை வைத்துக்கொள் என்பேன்.

வெளியாட்கள் என்றதும் அவர்கள் எல்லோரும் நல்லவர்கள், ஒருவருக்கொருவர் உடனே துணைநிற்பவர்கள் என்று எழுதியிருக்கிறாய். படம் அப்படிச் சொல்லவில்லை, கண்ணு. ஜைல்ஸைப் பார். விளம்பர ஓவியர். புகைப்படம் வந்துவிட்டதால் அவருடைய ஓவியத்துக்கு மதிப்புப் போய்விட்டது. முதுமையும் தனிமையும் வாட்டுகின்றன. டிவியில் கறுப்பின மக்களின் போராட்டமும் போலீஸ் தாக்குதலும் வரும்போது, பார்க்கப் பிடிக்கவில்லை, மாற்று என்று அவர்தான் சொல்கிறார். எலைசா உதவி கேட்கும்போது முதலில் மறுப்பவரும் அவர்தான். பிறகு ‘பை’ (pie) என்னும் பலகாரம் விற்கும் கடைக்குப் போகிறார். அங்கே கல்லாவில் நிற்கும் இளைஞன் மேல் அவருக்கு ஈர்ப்பு. அதற்காகவே பிடிக்காத பையை வாங்கி வாங்கி ஃபிரிட்ஜில் அடுக்கிவைத்திருப்பவர். தயங்கித் தயங்கி அவன் கையைத் தொடுகிறார். அவன் முகம் மாறுகிறது. அதே நேரத்தில் கறுப்பினத் தம்பதி உள்ளே வருகிறார்கள். இடம் காலியாக இருக்கும்போதே உட்காரக் கூடாது என்று விரட்டுகிறான். ஜைல்ஸையும் குடும்பங்கள் வரும் கடை இது என்று வெளியே போகச் சொல்கிறான். சில நிமிடங்களில் இரண்டு கதவடைப்பு. அதற்குப் பிறகுதான் ஜைல்ஸ் எலைசாவிடம் வந்து, என்ன செய்ய வேண்டும் சொல் என்கிறார். தன் வலி இன்னொருவர் வலியைப் புரியவைப்பது தானாக நடந்துவிடுவதில்லை. அதற்கு ஒரு படி ஏற வேண்டியிருக்கிறது. அந்தப் படியைப் படம் காட்டுகிறது. உன் கட்டுரையும் காட்டட்டும்.

ஸ்ட்ரிக்லண்டை நீ ‘கொடூர வில்லன்’ என்று முடித்துவிட்டாய். மின்சாரத் தடியும் அடியும் அவனிடம் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் அவன் புது காடிலாக் கார் வாங்கும் காட்சியை விட்டுவிடாதே. பச்சையா என்று கேட்பவனிடம், இது ‘டீல்’ (teal) நிறம் என்று விற்பனையாளர் சொல்கிறார். இது எதிர்காலத்தின் கார், நீங்களும் எதிர்காலத்தின் மனிதர் என்று ஆசை காட்டுகிறார். அவன் நேர்மறைச் சிந்தனையைப் போதிக்கும் புத்தகம் படிக்கிறான். நல்ல வீடு, அழகான மனைவி, இரண்டு குழந்தைகள். அந்தக் காலத்து அமெரிக்கா ஒருவனுக்கு வைத்த எல்லாத் தேர்விலும் தேறியவன். ஆனாலும் ஒரே ஒரு தோல்விக்காக ஜெனரல் அவனைத் தூக்கி எறியத் தயாராகிறார். கடவுள் மனித உருவம் கொண்டவர் என்றும், ஸெல்டாவைவிடத் தன் சாயல்தான் அதிகம் இருக்கும் என்றும் அவளிடமே சொல்பவன் அவன். கடித்துத் துண்டிக்கப்பட்டு மறுபடி ஒட்டப்பட்ட அவன் விரல்கள் படம் முழுக்க அழுகிக் கறுத்துக்கொண்டே போகின்றன. உள்ளே இருப்பவனாகவே இருந்துவிட வேண்டும் என்ற பயம் ஒருவனை என்ன செய்யும் என்பது மைக்கேல் ஷானனின் முகத்தில் இருக்கிறது. வெளியாட்களைப் பற்றிய படத்தில் உள்ளாள் யார் என்று எழுதாவிட்டால் விமர்சனம் பாதியில் நிற்கும்.

காதல் காட்சியைப் பற்றி ‘சர்ச்சைக்குரியது’ என்று மட்டும் எழுதி நழுவியிருக்கிறாய். வீட்டில் அப்பா படிப்பாரே என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் கூச்சமும் வேண்டாம், கிண்டலும் வேண்டாம்; நேராக எழுது. எலைசாவின் உடலுக்கு ஆசை உண்டு என்பதைப் படம் முதல் சில நிமிடங்களிலேயே, அந்தக் காலைக் குளியலிலேயே சொல்லிவிடுகிறது. அவளை ஏதுமறியாத குழந்தையாக அது நடத்தவில்லை. அதனால்தான் இது இரக்கத்தில் பிறந்த உறவாக இல்லாமல் காதலாகிறது. கதவிடுக்கில் துண்டுகளைச் செருகி, குழாயைத் திறந்துவிட்டு, குளியலறையை முழுக்க நீரால் நிரப்புகிறாள். அந்த நீர் கீழே உள்ள திரையரங்கில், படம் பார்ப்பவர்கள் தலையில் சொட்டுகிறது. இதற்குச் சற்று முன்னால், பேருந்து ஜன்னல் கண்ணாடியில் மழைத்துளிகள் இரண்டு ஒன்றையொன்று துரத்தி ஒன்றாகிக் கலப்பதை அவள் பார்த்துக்கொண்டு போவாளே, அந்த ஷாட்டையும் எழுது. வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதை எப்படிக் கண்ணியமாகவும் மகிழ்ச்சியாகவும் சொல்லலாம் என்று படமே உனக்குக் காட்டித் தருகிறது.

இப்போது குறைகள். உனக்குப் பிடித்த படம் என்பதால் குறைகளையே தொடவில்லை. நேசிக்கும் படத்தின் குறையைச் சொல்வது துரோகம் ஆகாது. மாற்றுத்திறனாளிகள் சிலர் இந்தப் படத்தின் மேல் வைத்த விமர்சனம் முக்கியமானது. பேச முடியாத பெண்ணாக, பேசக்கூடிய நடிகையே நடித்தது ஒன்று. அப்படிப்பட்ட பெண்ணுக்குத் துணை மனித இனத்துக்கு வெளியில்தான் கிடைக்குமா, கடைசியில் மனிதர்களை விட்டே அவள் போய்விட வேண்டுமா என்பது இன்னொன்று. எலைசா நீருக்குள் போவதை நான் அவள் வீடு திரும்புவதாகப் பார்க்கிறேன். அதே காட்சியை ஒருவர், எங்களுக்கு இந்த நிலத்தில் இடமில்லையா என்று கேட்டுக்கொண்டே பார்க்கக்கூடும். அந்தக் கேள்வி நியாயமானது. அதை உன் கட்டுரையில் மரியாதையோடு வை. அவசரப்பட்டுப் பதில் சொல்லி மூடிவிடாதே. ஸெல்டாவின் பாத்திரமும் அப்படித்தான். ஆக்டேவியா ஸ்பென்சர் அவளுக்கு உயிர் கொடுக்கிறார். ஆனால் எலைசாவுக்காகப் பேசுவதும், கணவனைப் பற்றிப் புலம்புவதும், ஆபத்தில் கைகொடுப்பதும் தவிர அவளுக்கென்று ஓர் ஆசையைத் திரைக்கதை தரவில்லை. எல்லோரையும் முழுதாகப் பார்க்கச் சொல்லும் படம் இவளை முழுதாகப் பார்க்கவில்லை என்பது என் மனத்தாங்கல்.

இன்னொன்று. இந்தப் படம் ஒரு நாடகத்திலிருந்து திருடியது என்று ஒற்றை வரியில் எழுதியிருக்கிறாய். பால் ஸிண்டெல் எழுதிய நாடகம் ஒன்றில், ஆராய்ச்சிக்கூடத் துப்புரவுப் பெண் ஒருத்தி அங்குள்ள டால்ஃபினைக் காப்பாற்ற நினைக்கிறாள். ஒற்றுமை இருப்பதால் அவருடைய குடும்பத்தினர் 2018-இல் வழக்குத் தொடுத்தார்கள். டெல் டோரோ தரப்பு மறுத்தது. 2021-இல் குடும்பத்தினரே வழக்கைக் கைவிட்டார்கள். ஒருவர் மேல் திருட்டுப் பழி போடும் முன் முடிவு என்ன ஆனது என்று கடைசிவரை பார்க்க வேண்டும். அந்த வரியை எடுத்துவிடு. எழுதத்தான் வேண்டும் என்றால் முழுதாக எழுது.

விருதுகளை உன் கட்டுரையின் முதல் பத்தியில் அடுக்கியிருக்கிறாய். வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம், 13 ஆஸ்கர் பரிந்துரைகள், அதில் சிறந்த படம், இயக்கம், அலெக்சாண்டர் டெஸ்ப்ளாவின் இசை, கலை இயக்கம் என 4 விருதுகள். எல்லாம் சரி. ஆனால் இவை கட்டுரையின் நடுவில் ஒரு வரியாகப் போதும். முதல் பத்தியில் விருதைப் பார்த்த வாசகர், நல்ல படம் என்ற தீர்ப்பை உன்னிடமிருந்து கேட்கும் முன்பே நடுவர்களிடமிருந்து வாங்கிக்கொள்கிறார். அப்புறம் நீ எதற்கு?

முடிவைச் சொல்லலாமா என்று கேட்டிருந்தாய். குழு இதழைப் படிப்பவர்களில் பலர் படம் பார்த்திருப்பார்கள். ஆனாலும் கடைசி நிமிடத்தை விட்டுவிடு. எலைசாவின் கழுத்தில் இருக்கும் பழைய தழும்புகளை ஓரிடத்தில் சாதாரணமாகக் குறிப்பிட்டு வை, போதும். படம் பார்த்தவர் புரிந்துகொள்வார். பார்க்காதவருக்கு எதுவும் கெடாது. இதோடு இன்னொன்றையும் கவனி. இந்தக் கதையை நமக்குச் சொல்பவர் ஜைல்ஸ். தொடக்கத்திலும் முடிவிலும் அவருடைய குரல்தான். அவர் கண்ணால் காணாத ஒன்றை, இப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்ப விரும்பிச் சொல்கிறார். ஆகவே நாம் பார்க்கும் முடிவு நடந்ததா, ஒரு நண்பரின் ஆசையா என்ற கேள்வியைப் படம் திறந்தே வைத்திருக்கிறது. இதை எழுதினால் முடிவைச் சொல்லாமலே முடிவின் ஆழத்தை வாசகருக்குக் காட்டிவிடலாம்.

இனி நீ செய்ய வேண்டியது. இந்த வரைவைத் திருத்திக்கொண்டிருக்காதே, ஓரமாக வைத்துவிடு. படத்தை இன்னொரு தடவை, குறிப்பு எதுவும் எடுக்காமல் பார். மறுநாள் உனக்கு எந்தக் காட்சி தானாக நினைவுக்கு வருகிறதோ அதிலிருந்து தொடங்கு. அது நான் சொன்ன முட்டையாகவோ மழைத்துளியாகவோ இருக்க வேண்டும் என்று இல்லை. என் காட்சியை நீ எழுதினால் அது என் விமர்சனமாகிவிடும். உன் காட்சியில் யார் எங்கே நிற்கிறார்கள், யார் யாரைப் பார்க்கிறார்கள், வெளிச்சம் எப்படி இருக்கிறது, பின்னால் என்ன சத்தம் கேட்கிறது என்று எழுது. குறியீடு, ஒடுக்குமுறை, அரசியல் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். அவை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. 1962-இன் அமெரிக்காவை எழுதாமல் இந்தப் படத்தை எழுத முடியாது. ஆனால் மனிதர்களைப் பார்த்துவிட்டு அந்த முடிவுக்கு வந்தால் அதை யாராலும் அசைக்க முடியாது. முடிவோடு புறப்பட்டு மனிதர்களைத் தேடினால் உனக்கு எடுத்துக்காட்டுகள் மட்டுமே கிடைக்கும்.

விமர்சனம் என்பது மதிப்பெண் போடும் வேலை என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது கவனிக்கும் வேலை. இன்னொருவர் அவசரத்தில் தாண்டிப்போன ஒன்றை நின்று பார்த்து, இதோ பாருங்கள் என்று கூப்பிட்டுக் காட்டுவது. உன்னால் அது முடியும். படம் முடிந்தபிறகு நீ போனில் அழுததாக அம்மா சொன்னாள். அந்த அழுகை எந்தக் காட்சியில் வந்தது என்பதை ஒளிக்காமல் எழுது. புது வரைவை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. உங்கள் இதழ் அச்சுக்குப் போகும் முன் நாம் இருவரும் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் அத்தை